பெட்டிக்குப் பெயர் வைத்த ஞாயிறு

காவிரிப் பாலத்தின் நடுவில் ஒன்றாம் நம்பர் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடிந்து பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். பொன்மலையில் எங்கள் வீட்டிலிருந்து என்னை ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் சில நாள் விட்டுவிட்டு வர அம்மா கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, மாமா அவர் கணவர். ஆற்றில் மணல்தான் அதிகம், தண்ணீர் ஓரமாக எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் ஒரு செய்தி சொன்னாள். மாமா, வீட்டிலிருக்கும் ஓடாத பழைய கம்ப்யூட்டரை இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரரிடம் போடப்போகிறாராம். அத்தைக்கு அதில் இஷ்டமில்லையாம். அதனால் இரண்டு பேருக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சு சரியில்லையாம்.

"அங்க போயி இதப் பத்தி வாயத் தொறக்காத. காதுல விழுந்தாலும் விழாத மாதிரி இரு" என்றாள்.

ஓடாத ஒரு பெட்டிக்காக இரண்டு பெரியவர்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. அம்மா சொன்னதில் என் காதில் விழுந்தது இரண்டே சொல்: ஓடாத கம்ப்யூட்டர்.

என் பையின் உள்ஜிப்பில் ஒரு பென் டிரைவ் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் கடைசி நாளில், லீவு முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. லேபில் ஒரு மூலையில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டரில் அதைச் செருகி, எங்கள் கண்ணெதிரே எழுப்பிக் காட்டியிருந்தார். பெட்டிக்குள் இருக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் தலையில் நாம் ஏற்றிவைத்த சுமைதான் அதிகம். அதை இறக்கிவிட்டு லேசாக வேறொன்றை வைத்தால் நடக்கும் என்றார். அந்த வேறொன்றுக்குப் பெயர் லினக்ஸ். யூனிக்ஸ் என்ற பழைய வம்சத்தில் வந்த இயங்குதளம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து அந்த பென் டிரைவை நான் தாயத்து மாதிரி கூடவே வைத்திருந்தேன். எழுப்புவதற்கு ஒரு பிணம்தான் கிடைக்காமல் இருந்தது.

அந்த வயதில் யோசனை எனக்குத் தும்மல் மாதிரி. வந்தால் அடக்க முடியாது. ஆனாலும் அம்மா திரும்பப் போகும்வரை அடக்கிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் மாமா நின்று கட்டிய வீடு அது. மாமா துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங் சோதிப்பவர். பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, அதன்மேல் வெள்ளை மருந்தை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக மேலே எழுந்து வருமாம். ஒரு முறை எனக்கு விளக்கியிருக்கிறார். விரிசல் கண்ட பொருள்மீது சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அதன்பிறகு அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மாமா வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அதிகம் பேசாதவர். பேசினால் ஒரு வரி, அதிலும் பாதி கிண்டல்.

அன்று இரவுச் சாப்பாட்டில், மாமா தட்டில் இரண்டாவது தோசை விழுந்ததும் நான் வாயைத் திறந்தேன். அந்தக் கம்ப்யூட்டரை நான் ஓடவைத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

அடுப்பெதிரே நின்றிருந்த அத்தை திரும்பவில்லை. தோசைக் கரண்டி மட்டும் கல்லின்மேல் அப்படியே நின்றது.

"அதுக்கு ஆயுசு முடிஞ்சுடுச்சும்மா" என்றார் மாமா.

நான் விடவில்லை. சுமை, இரும்பு, லினக்ஸ், டீச்சர் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அதன் சின்னம் ஒரு பென்குயின் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"பென்குயினா? அது பனிக்கட்டில குந்தியிருக்கிற பறவை. திருச்சி வெயிலுக்கு எத்தன நாள் தாங்கும்?"

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மாமா தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, வாயில் போடாமல் வைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. ஞாயித்துக்கிழமை அந்த ஆளு வர்ற வரைக்கும் நீ என்ன வேணா பண்ணிக்க. ஓடுச்சுன்னா இருக்கட்டும். ஓடலேன்னா போயிடணும். அதுக்கப்புறம் அதப் பத்தி இந்த வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

கடைசி வரியை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பெதிரே தெரிந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. மாமா வேலைக்குப் போனதும் அத்தை என்னை அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். வீடு முழுக்க வெள்ளைச் சுவர், இந்த அறைக்கு மட்டும் இளம் மஞ்சள். கிழக்குப் பார்த்த ஜன்னல், ஒரு இரும்பு மேசை, அதன்மேல் பழைய நூல் புடவையால் போர்த்திய பெட்டி. அத்தை புடவையை எடுத்து மடித்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பெட்டி, இப்போது பழுத்த பூவரசு இலை நிறம். பக்கவாட்டில் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி.

"உங்க மாமா வேலதான்" என்றார் அத்தை. "கம்பெனின்னு நெனச்சுட்டாரு."

நான் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்றாடியின் இறக்கைகளில் ஒரு பல்லி முட்டையிட்டுக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அத்தை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தட்டிச் சுத்தம் செய்தார். அவ்வளவு மெதுவாக யாராவது தூசி தட்டுவார்களா என்று எனக்குப் பொறுமையில்லை.

அந்த அறையின் பிளக்கில் கரண்ட் வரவில்லை. ஹாலிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துவந்தேன். தரையில் கிடந்தால் கால் தடுக்கும். அண்ணாந்து பார்த்தேன். அறையின் நடுவில், கூரையில், வளைத்துப் பற்றவைத்த உறுதியான இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. மின்விசிறி வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், இந்தக் கொக்கி என்னைப் போன்றவர்களுக்காகத்தான் சும்மா காத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒயரை அதில் மாட்டினேன்.

"அதுல வேணாம்மா" என்றார் அத்தை. குரல் சட்டென்று வந்தது. நான் ஸ்டூல் மேலேயே நின்றேன். அத்தை கொக்கியைப் பார்த்தார். அதில் தொங்கிய கறுப்பு ஒயர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடி நிற்கிறவரை பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். எதுக்காச்சும் ஆகட்டும்" என்றார்.

பட்டனை அழுத்தியதும் பெட்டி நீளமாகப் பீப் என்று கத்தியது. நினைவகத் தகடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். டீச்சர் காட்டிக்கொடுத்த வைத்தியம் எனக்குத் தெரியும். தகட்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். பெட்டி முனகியது. அப்புறம் திரையில் வெளிச்சம் வந்தது.

அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதையை நான் கேட்காமலே சொன்னார். அவர் அப்போது தில்லைநகரில் ஒரு அச்சகத்தில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அத்தை வேலையை விட மனமில்லாமல் அழுததால், மாமா ஒரு நாள் ஆட்டோவில் இந்தப் பெட்டியோடு வந்து இறங்கினாராம், வீட்டிலிருந்தே அடித்துக்கொடு என்று.

"ஏன் அத்தை அலையக் கூடாதுன்னாங்க?"

"உடம்பு முடியாம இருந்துச்சு."

நான் தலையாட்டினேன். எனக்கு நினைவிருந்தது. நான் மிகச் சின்னவளாக இருந்தபோது அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அம்மா அவருக்கு விதவிதமாகச் சமைத்தாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தைக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடாதே என்றார்கள். நான் சத்தம் போடவில்லை. பிறகு அத்தைக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பென் டிரைவைச் செருகி, சரியான நொடியில் டிலீட் பொத்தானை அடித்து, நீல நிறப் பக்கத்துக்குள் புகுந்து, பெட்டி முதலில் எதிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையை மாற்றினேன். பல முறை நொடி தவறியது. ஒரு வழியாகப் புதிய திரை வந்தது. எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழும் இருந்தது. அத்தை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுல தமிழ்லயே கேக்குமா?" என்றார். தமிழைத் தொட்டேன். நல்வரவு என்றது பெட்டி. இரண்டு பேருமே மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பிறகு அது அந்தக் கேள்வியைக் கேட்டது. வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று. டீச்சர் இந்த இடத்தில் யாரும் அவசரப்படக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதில் ஏதாவது வேண்டியது இருக்கிறதா என்று அத்தையைக் கேட்டேன். அத்தை தன் மடியிலிருந்த புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே யோசித்தார்.

"நான் வச்சிருந்தது எதுவும் அதுக்குள்ள இல்லம்மா. அழிச்சுடு."

அழித்தேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை திரையில் ஊர்ந்தது. பாதிகூடப் போயிருக்காது, தலைக்குமேல் மின்விசிறி மெதுவாகி நின்றது. திரை அணைந்தது. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு சலிப்பு கேட்டது. மாதாமாதம் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்துகிற சனிக்கிழமை அது. பேப்பரில் போட்டிருந்தார்களாம். லினக்ஸ் பற்றி எல்லாம் தெரிந்த நான் பேப்பர் பார்த்திருக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்தபோது மாமாவும் வந்திருந்தார். பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. இயங்குதளம் எதுவும் காணோம் என்றது. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. பென் டிரைவைத் திரும்பச் செருகினாலும் பெட்டி பிடிவாதமாக அதே வரியைக் காட்டியது.

மாமா கதவோரம் நின்று படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"பழசும் போச்சா" என்றார். பிறகு, "விடும்மா. சிலது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அத்தை என்னை எழுப்பினார். காப்பிகூடப் போடவில்லை. "வா, அந்த ஆளு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுடலாம்" என்றார். தலை வாராமல், நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் நிதானமான அத்தை அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. பெட்டி ஏன் பென் டிரைவைப் பார்க்க மறுக்கிறது என்று நிதானமாக யோசித்தபோது விஷயம் சின்னது: கரண்ட் போனதில் பெட்டி நான் மாற்றிவைத்த வரிசையை மறந்து, பழையபடி தன் வட்டையே முதலில் தேடியிருக்கிறது. அதன் உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. வரிசையைத் திரும்ப மாற்றினேன். நல்வரவு என்றது.

இந்த முறை பட்டை ஒழுங்காக ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்த ஊர் நேரம் என்று உலகப் படத்தைக் காட்டிக் கேட்டதற்கு, அதற்குத் தெரிந்த ஒரே இந்திய ஊரான கொல்கத்தாவைச் சொன்னோம். பிறகு உங்கள் பெயர் என்ன என்றது.

"என் பேரு எதுக்கு? உனக்கு நான் என்ன வேணுமோ அதயே போடு" என்றார் அத்தை. ஆங்கில எழுத்தில் அத்தை என்று போட்டேன்.

அதற்குக் கீழே இன்னொரு கட்டம். உங்கள் கணினியின் பெயர்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. லேபில் டீச்சர் அந்தக் கம்ப்யூட்டருக்கு வெறும் எண் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எண்ணெல்லாம் கிடையாது. பிறந்த குழந்தைக்கு அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும். என்னை மடியில் போட்டுக்கொண்டு, குவித்த வெற்றிலையைக் காதில் வைத்து, என் பெயரை மூன்று முறை சொன்னது இதே அத்தை. அந்தப் போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் நான் அழுதுகொண்டிருப்பேன், அத்தை சிரித்துக்கொண்டிருப்பார்.

"எனக்கு வச்ச மாதிரி இதுக்கும் நீங்கதான் வைக்கணும். அத்தைதான பேரு வைக்கணும்?"

"இதுக்கு நான் அத்தையா?"

"பின்ன வேற யாரு?"

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வெளிச்சம் மஞ்சள் சுவரில் பட்டு, அவர் முகத்திலும் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு, வா வா என்பதுபோல் மின்னி மின்னி மறைந்தது. அத்தை திரைக்கு நேராகக் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"எழில்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழுப்பேறி, மூடியில்லாமல், குடல் தெரிய உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டிக்கா எழில்? ஆனால் பெயர் வைக்கும் உரிமை அத்தையுடையது. தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி எழில் என்று அடித்தேன். சிவப்பாக எச்சரித்தது. நேற்றிலிருந்து தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்த பெட்டி, தமிழில் பதில் சொன்னால் ஏற்காதாம். ஆங்கிலச் சிற்றெழுத்து மட்டும்தானாம். அவசரத்தில் காதில் விழுந்தபடி இ, எல், ஐ, எல் என்று அடித்தேன்.

"அய்யய்யே, எலி மாதிரி இருக்கு" என்றேன்.

"ழ வரணும்ல? இ, இசட், எச், ஐ, எல்." அத்தை யோசிக்கவே இல்லை, வாய்ப்பாடு மாதிரி வந்தது. "மொதல்ல ஒய் போடணுமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. வேணாம், இ-யே போதும்னு முடிவு பண்ணிட்டோம்."

"யாரு முடிவு பண்ணீங்க?"

"அடிம்மா. நேரமாகுது."

அடித்தேன். பெட்டி ஏற்றுக்கொண்டது.

தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டபோது பட்டை கடைசியை நெருங்கியிருந்தது. பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி மணி. அடுத்தடுத்த வாசலில் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. மாமா ஹாலில் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது, ஆனால் நான் சொல்லவில்லை. மறுபடி தொடங்கு என்றது திரை. பென் டிரைவைப் பிடுங்கினேன். பெட்டி அணைந்தது. கறுப்பு. எங்கள் இரண்டு பேரின் முகமும் அந்தக் கறுப்பில் தெரிந்தது. பிறகு உள்ளே ஏதோ கடகடவென்று ஓடியது, ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, அப்புறம் முழுத் திரையும் நீலமாக விரிந்தது.

"மாமா, இங்க வாங்க" என்று கத்தினேன்.

மாமா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடிக் காட்டினேன். எவ்வளவு வேகம் பாருங்கள் மாமா, எவ்வளவு லேசு பாருங்கள் மாமா. "ஓடுதே" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. வண்டி மணி பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கடைசி அஸ்திரமாக, கட்டளைகள் அடிக்கும் கறுப்புச் சாளரத்தைத் திறந்தேன். லேபில் அதைத் திறந்தால் எல்லோரும் வாயடைத்துப்போவார்கள். கறுப்பின்மேல் பச்சையாக ஒரு வரி வந்து நின்றது:

athai@ezhil

மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். கிட்டே வந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"நடுவுல இந்தச் சுழி என்னம்மா?"

எனக்குத் தெரிந்த கேள்வி. உற்சாகமாகச் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல அட்னு படிக்கணும் மாமா. அத்தை எழில்கிட்ட இருக்காங்கன்னு அர்த்தம்."

மாமாவின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. அத்தை அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தலைக்குமேல் கொக்கியில் ஒயர் தொங்கியது. வாசலில் மணி அடித்தது. பழைய இரும்புக்காரர், மாமாவைக் கூப்பிட்டு, ஏதோ பெட்டி இருக்குன்னீங்களே என்றார்.

மாமா போனார். நான் ஜன்னலில் காதை வைத்தேன்.

"இல்லண்ணே" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, "இங்க போடறதுக்கு ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க" என்றார்.

வண்டி நகர்ந்துபோன பிறகும் மாமா உள்ளே வரவில்லை. பைக்கின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அது தோற்றவர் நிற்கிற நிலையாகத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் அத்தை என்றேன். அத்தை என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. சந்தோஷத்தில் குலுங்குகிறது என்று நினைத்தேன். லினக்ஸின் வேகத்தைப் பார்த்து மாமா மனம் மாறிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அப்போதே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தபோது, பெட்டியின் பக்கவாட்டிலிருந்த சிவப்புக் குறி இல்லை. தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அத்தை துடைத்திருப்பார் என்று நினைத்தேன். அறையில் தின்னர் வாசனை அடித்தது. அந்த வாசனை மாமாவின் கம்பெனிச் சட்டையில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துவைத்தது அம்மா. அதற்குப் பல வருடம் ஆனது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் முதல் சாதனை என்று யாரிடமோ இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர் போனதும், காய்ந்த துணியை மடித்தபடியே சொன்னாள். "உங்க அத்தைக்கு அந்தப் புள்ள பொறந்து அழவே இல்ல. பேரு வைக்கிற நாள் வரைக்கும் இருந்தாத்தான பேரு? ஆணோ பொண்ணோ எதுவா இருந்தாலும் ஆகும்னு ரெண்டு பேரும் சேந்து ஒரு பேர யோசிச்சு வச்சிருந்தாங்க. அத அதுக்கப்புறம் உங்க மாமா வாயில எடுத்ததே இல்ல."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் சுவரும், தொட்டில் கட்டக் கூரையில் பற்றவைத்த கொக்கியும், ஒய் வேண்டாம் இ-யே போதும் என்று முடிவு செய்த இரண்டு பேரும் அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குள் மேலே எழுந்து வந்தார்கள், சிவப்புச் சாயம்போல.

எழில் அந்த வீட்டில் இத்தனை வருடம் ஓடியது. அத்தை மறுபடி டைப் அடித்தார். தெருவில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அதில்தான் பிறந்தது. மாமா வேலைக்குக் கிளம்புமுன் அதில் செய்தி படிப்பார். ஆனால் என்னிடம் பேசும்போது பெட்டி, கம்ப்யூட்டர், உன் பென்குயின் என்று எதையாவது சொல்வாரே தவிர, பெயரைச் சொன்னதில்லை.

நேற்றுக் காலை மாமாவிடமிருந்து போன். அவர் எனக்குப் போன் செய்வதே அபூர்வம்.

"எழில் காலையிலேருந்து எந்திரிக்க மாட்டேங்குதும்மா" என்றார்.

உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்றார். வட்டு போய்விட்டது. பழைய பெட்டிகளுக்கென்று எழுதும் லினக்ஸ்கூட இப்போது குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. புது வட்டு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன், முதலிலிருந்து நிறுவலாம் என்றேன். இந்த முறை பேப்பரைப் பார்த்துவிட்டேன், மின்தடை இல்லை.

"மொதல்லேருந்துன்னா, பேரும் கேக்குமா?" என்றார்.

கேட்கும் மாமா என்றேன். சரி வா என்று வைத்துவிட்டார்.

வட்டை வாங்கிப் பையின் உள்ஜிப்பில் போட்டுவிட்டேன். இது பிடிக்குமா, அந்தப் பழைய மதர்போர்டு புது வட்டை அடையாளம் காணுமா, எதுவும் நிச்சயமில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்து, அந்தக் கட்டம் வந்து, கோடு மின்னத் தொடங்கியதும், விசைப்பலகையை மாமா பக்கம் நகர்த்திவைக்கப் போகிறேன். ஒற்றை விரலால் அடிப்பவர். நேரமாகும். ஆகட்டும். எழுத்துக்கூட்டி நான் சொல்லித்தர வேண்டியிருக்காது.